உண்ண மறுக்கும் பிள்ளையும் தீராத மனச்சோர்வும்: கெற்றமைன் முதற் கதவாகலாமா?

எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வுக்கு மருந்து எனக் ‘கெற்றமைன்’ என்ற பெயர் இன்று மேற்குலக மருத்துவமனைகளில் மட்டுமன்றித் தனியார் சிகிச்சை நிலையங்களின் விளம்பரங்களிலும் அடிபடுகிறது. உணவை மறுத்து உடல் மெலியும் பிள்ளைகளுக்கும், அளவின்றி உண்டு பின் வாந்தியெடுக்கும் இளையோருக்கும் இதே மருந்து கைகொடுக்கும் என்ற பேச்சும் கூடவே எழுந்துள்ளது. பிரித்தானியா, கனடா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரும் இன்றோ நாளையோ இக்கேள்வியை எதிர்கொள்ள வேண்டியவர்களே.

இவ்விடத்தில் இரு தவறான மனப்பாங்குகள் உள்ளன. “அது போதைப்பொருள், அதைப்பற்றி வீட்டில் பேசவே கூடாது” என்பது ஒன்று. “நாலு ஊசியில் பிள்ளை சுகமாகிவிடும், செலவைப் பற்றிக் கவலையில்லை” என்பது மற்றொன்று. முதலாவது, உண்மையிலேயே பயன்பெறக்கூடிய ஒரு வளர்ந்த நோயாளியின் வாய்ப்பைப் பறிக்கிறது. இரண்டாவது, ஒரு பிள்ளையின் உயிர் காக்கும் காலத்தை வீணாக்குகிறது. இரண்டையும் தவிர்ப்பதற்கு, இம்மருந்து பற்றி உறுதியாகத் தெரிந்தவை எவை, வெறும் நம்பிக்கையாக உள்ளவை எவை என்பதைப் பிரித்தறிவது அவசியமாகும்.

சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து உளமருத்துவத்துக்கு

கெற்றமைன் 1962 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காகக் கல்வின் ஸ்ரீவன்ஸ் என்ற வேதியியலாளரால் உருவாக்கப்பட்டது. 1970 இல் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. வியட்நாம் போரில் காயமடைந்தோருக்குப் பயன்பட்டது. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பெரிதும் தாழ்த்தாமல் வலியை மறக்கச் செய்யும் இயல்பு இதற்கு உண்டு. அதனால், வசதி குறைந்த மருத்துவமனைகளில் இன்றும் இது ஓர் இன்றியமையாத மருந்தாகும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1985 முதல் இது இடம்பெற்றுள்ளது.

இதே மருந்து களியாட்ட விடுதிகளில் போதைக்காகவும் பயன்படுத்தப்படுகிறது என்பது உண்மையே. பிரித்தானியா இதனை 2006 இல் ‘சி’ வகைப் போதைப்பொருளாக அறிவித்து, 2014 இல் ‘பி’ வகைக்கு உயர்த்தியது. ஆனால் மோர்பீன் போதைக்குப் பயன்படுகிறது என்பதற்காகப் புற்றுநோயாளிக்கு அதனை எவரும் மறுப்பதில்லை. ஒரு பொருளின் தகுதியை அதன் பெயரை வைத்து அளக்க முடியாது. யாருக்கு, எந்த அளவில், எவருடைய கண்காணிப்பில் கொடுக்கப்படுகிறது என்பதே அதனை மருந்தாகவோ நஞ்சாகவோ ஆக்குகிறது.

உளமருத்துவத்தில் இதன் வரலாறு 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது எனலாம். மயக்கத்துக்குத் தேவையானதை விட மிகக் குறைந்த அளவில், உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம், நாற்பது நிமிடங்களில் நாளம் வழியாக ஏற்றியபோது மனச்சோர்வு சில நாட்களுக்குத் தணிந்தது. அவ்வாய்வை நிறைவு செய்தோர் ஏழு பேர் மட்டுமே. எனினும் வழக்கமான மாத்திரைகள் பயன்தர வாரக்கணக்கில் காத்திருந்த மருத்துவ உலகுக்கு, சில மணி நேரத்தில் தெரிந்த மாற்றம் பெரும் வியப்பாக இருந்தது. வழக்கமான மாத்திரைகள் பெரும்பாலும் செரட்டோனின் முதலிய இரசாயனங்களின் வழியே செயற்படுகின்றன. கெற்றமைனோ குளுற்றமேற் என்ற வேறொரு இரசாயனத்தின் பாதையில் தலையிடுகிறது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இரு வேறு மாத்திரைகளை உரிய அளவில், உரிய காலம் உட்கொண்ட பின்னரும் குறையாத மனச்சோர்வையே மருத்துவர்கள் சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு என்பர். இத்தகையோரைக் கொண்டு அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், கெற்றமைன் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் ஒரே நாளில் குறிப்பிடத்தக்க தேறுதல் கண்டனர். ஆனால் ஒரு வாரத்தின் பின்னும் அத்தேறுதல் நிலைத்தது 35 விழுக்காட்டினரிடமே. விரைவாகத் தூக்கிவிடும், ஆனால் நெடுநாள் தாங்கிப் பிடிக்காது என்ற இந்த இயல்பே இம்மருந்தின் வலிமையும் குறையும் ஆகும்.

2019 மார்ச் மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கெற்றமைனின் ஒரு கூறான எஸ்கெற்றமைனை ‘ஸ்பிரவாற்றோ’ என்ற பெயரில் மூக்கு வழித் தெளிப்பு மருந்தாக அனுமதித்தது. மருத்துவ நிலையத்திலேயே எடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், மறுநாள் வரை வாகனம் ஓட்டக் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். 2023 இல் வெளியான ஓர் ஆய்வில் எஸ்கெற்றமைன் பெற்றோரில் 27 விழுக்காட்டினரும், குவெற்றியபின் பெற்றோரில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரும் எட்டாவது வாரத்தில் நோய்க்குறிகள் நீங்கப் பெற்றனர். அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவில், தோலின் கீழ் கெற்றமைன் ஏற்றி நடத்தப்பட்ட ஆய்வொன்றில், மருந்தின் அளவு ஒவ்வொருவருக்கும் ஏற்பச் சரிசெய்யப்பட்டபோது ஏறத்தாழ 20 விழுக்காட்டினரும், ஒப்பீட்டு மருந்து பெற்றோரில் 2 விழுக்காட்டினரும் நலமடைந்தனர்.

இவை புறக்கணிக்கத்தக்க எண்கள் அல்ல. ஆயினும் ஐந்தில் நால்வர் நலமடையவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. அத்துடன், கெற்றமைன் பெற்றவருக்குத் தாம் பெற்றது இன்னதென்று உடனே தெரிந்துவிடும். உடல் மிதப்பது போன்ற, உலகம் விலகிச் செல்வது போன்ற உணர்வை வேறெதனாலும் மறைக்க முடியாது. எதிர்பார்ப்பே பாதி மருந்தாகிவிடும் ஆபத்து இங்குள்ளது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சத்திரசிகிச்சைக்காக மயக்கப்பட்டிருந்த 40 பேருக்கு அந்த மயக்கத்திலேயே கெற்றமைனையோ வெறும் உப்புநீரையோ ஏற்றி, 2023 இல் முடிவை வெளியிட்டனர். இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். 2025 இல் அயர்லாந்திலிருந்து வெளியான ஆய்வில், மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகளுக்கு மீண்டும் மீண்டும் கெற்றமைன் ஏற்றியும், ஒப்பீட்டு மருந்தை விடத் தெளிவான மேன்மை காணப்படவில்லை.

அரசுகளின் தீர்மானங்களும் ஒன்றுபோல் இல்லை. ஸ்கொட்லாந்து 2020 இல் எஸ்கெற்றமைனை வரையறையுடன் ஏற்றது. இங்கிலாந்துக்கான ‘நைஸ்’ நிறுவனம் 2022 டிசம்பரில், நீண்டகாலப் பயனும் செலவும் தெளிவில்லை எனக் கூறி அதனைப் பரிந்துரைக்க மறுத்தது. அவுஸ்திரேலியா 2025 மே மாதத்தில் அரச மானியப் பட்டியலில் சேர்த்தது. ஒரே சான்றுகளைப் பார்த்த அறிஞர்களே வேறுபடும்போது, ஒரு விளம்பரத்தின் உறுதிமொழியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவுக் கோளாற்றில் சான்று எவ்வளவு?

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. யேல் ஆய்வுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1998 இல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவர்கள் நாட்பட்ட உணவுக் கோளாறு கொண்ட 15 பேருக்குக் கெற்றமைன் ஏற்றிய முடிவுகளை வெளியிட்டிருந்தனர். வேறு சிகிச்சைகள் பலவும் தோற்றுப்போனவர்கள் அவர்கள். அவர்களில் ஒன்பது பேரிடம், உணவு பற்றிய கட்டாய எண்ணங்கள் நீண்ட காலத்துக்குத் தணிந்தன.

ஆனால் அவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அதற்குப் பின்னர் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடைத்தவை, சில நோயாளிகளின் விவரங்களும் சிறு முயற்சிகளுமே. மனச்சோர்வுக்கு நூற்றுக்கணக்கானோரைக் கொண்ட ஆய்வுகள் உள்ளன. அனொரெக்சியாவுக்கோ புலிமியாவுக்கோ அத்தகைய பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. ஆகவே இன்றைய நிலையில் உணவுக் கோளாற்றுக்குக் கெற்றமைன் என்பது ஆராயத்தக்க ஒரு கருத்து மட்டுமே. நிறுவப்பட்ட சிகிச்சை என அதனை விற்போர் உண்மைக்குப் புறம்பாகப் பேசுகின்றனர்.

வயதும் இங்கே முக்கியமானது. எஸ்கெற்றமைனுக்குக் கிடைத்த அனுமதி வளர்ந்தோருக்கானது. உணவுக் கோளாறோ பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குவது. மேலும், பட்டினியாலும் வாந்தியாலும் பொற்றாசியம் குறைந்து இதயத் துடிப்பு நிலைகுலைந்திருக்கும் உடலில், இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் உயர்த்தும் மருந்தொன்றைச் செலுத்துவது விளையாட்டான காரியமன்று.

பட்டினி தரும் சோர்வு

மனச்சோர்வும் உணவுக் கோளாறும் ஒருங்கே உள்ளவரிடத்தில் மிகவும் கவனிக்கப்பட வேண்டிய உண்மை வேறொன்று. பட்டினியே மனச்சோர்வை உண்டாக்கும்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45 இல், அமெரிக்காவின் மினசோற்றா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வை நடத்தினார். போரில் ஆயுதமேந்த மறுத்து, தாமாகவே முன்வந்த, உடலும் மனமும் நலமான ஆண்கள் அவர்கள். இருபத்து நான்கு வாரங்கள் அரைப்பட்டினி உணவில் அவர்கள் தம் எடையில் ஏறத்தாழக் கால்வாசியை இழந்தனர். எடையுடன் சேர்ந்து மகிழ்ச்சியும், நட்பும், கவனமும் குறைந்தன. எரிச்சலும் சோகமும் பெருகின. உணவைப் பற்றியே பேசினர். சமையற் குறிப்புகளைச் சேகரித்தனர். ஒரு தட்டு உணவை நெடுநேரம் வைத்து உண்டனர். இன்று அனொரெக்சியா நோயாளியிடம் காணும் பல குறிகள், அந்நோய் இல்லாத ஆண்களிடத்தில் பட்டினியால் மட்டுமே தோன்றின.

இதன் பொருள் தெளிவானது. எடை குறைந்த ஒரு பிள்ளையின் மனச்சோர்வு மாத்திரைக்கு இணங்கவில்லை என்றால், அது பிடிவாதமான மனச்சோர்வு என்று முடிவு கட்டுவதற்கு முன், அது பசியின் குரலா என்று கேட்க வேண்டும். எடை மீண்ட பின்னரும் மாத்திரையால் அனொரெக்சியாவைத் தடுத்து நிறுத்துவது எளிதன்று. நியூயோர்க்கிலும் ரொறன்ரோவிலும் எடை மீண்ட 93 பேரிடம் நடத்தி 2006 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஃபுளுவொக்செற்றின் மாத்திரை வெற்று மாத்திரையை விடப் பயன் தரவில்லை. மின்சாரமே வந்து சேராத இயந்திரத்தில் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. முதலில் உடலுக்கு உணவு வந்து சேர வேண்டும். அதன் பின்னரும் எஞ்சி நிற்கும் மனச்சோர்வே மனச்சோர்வாகச் சிகிச்சை பெற வேண்டியது.

சந்தைக்கு வந்த நம்பிக்கை

அமெரிக்க நடிகர் மத்தியூ பெரி 2023 ஒக்ரோபர் 28 அன்று இறந்தார். கெற்றமைனின் விளைவே முதன்மைக் காரணம் என மரண விசாரணை கூறியது. அவர் மனச்சோர்வுக்காக முறையான கெற்றமைன் சிகிச்சையும் பெற்று வந்தவர். ஆனால் உயிரைப் பறித்த மருந்து அச்சிகிச்சையில் கிடைத்ததன்று. சட்டத்துக்குப் புறம்பாக வாங்கப்பட்டது. 2024 ஓகஸ்டில் ஐவர் மீது குற்றச்சாட்டு அறிவிக்கப்பட்டது. அவர்களில் இருவர் மருத்துவர்கள். ஐவரும் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். சிகிச்சைக்கும் வணிகத்துக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2023 ஒக்ரோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கலவை மருந்தகங்கள் தயாரித்து வீட்டுக்கே அனுப்பும் கெற்றமைன் மாத்திரைகள் குறித்து எச்சரிக்கை விடுத்தது. கண்காணிப்பின்றி வீட்டில் எடுப்பது இம்மருந்தின் எல்லாப் பாதுகாப்பையும் நீக்கிவிடுகிறது. அடிக்கடி, அளவு மிகுந்து பயன்படுத்துவோரின் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்குவதை 2007 இல் முதன்முதலாக மருத்துவ உலகுக்கு அறிவித்தவர்கள், தமிழர் செறிந்து வாழும் ரொறன்ரோ நகரின் மருத்துவர்களே. இளம் வயதிலேயே சிறுநீரை அடக்க முடியாது வாழ்நாள் முழுவதும் அவதிப்படும் நிலை அது. களியாட்டத்தில் இதனைத் தொட எண்ணும் இளையோர் அறிந்திருக்க வேண்டிய செய்தியும் இதுவே.

பெற்றோரின் கையில் உள்ள சிகிச்சை

பதின்ம வயதினரின் அனொரெக்சியாவுக்கு நல்ல சான்றுள்ள சிகிச்சை ஒன்று ஏற்கனவே உண்டு. அது ஊசியிலோ மாத்திரையிலோ இல்லை. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சையே அது. பிள்ளைக்கு எதை, எப்போது, எவ்வளவு ஊட்டுவது என்ற பொறுப்பைச் சில மாதங்களுக்குப் பெற்றோர் மீண்டும் ஏற்பர். பிள்ளையும் நோயும் ஒன்றல்ல எனக் கண்டு, பழி சொல்லாமல், விட்டுக் கொடுக்காமல் ஒவ்வொரு வேளையும் அருகில் அமர்வர். எடை மீண்டதும் பொறுப்பு மெல்ல மெல்லப் பிள்ளையிடம் திரும்பும். 2010 இல் அமெரிக்காவில் 121 பதின்ம வயதினரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. சிகிச்சை முடிந்து ஓராண்டின் பின், குடும்பவழிச் சிகிச்சை பெற்றோரில் 49 விழுக்காட்டினரும், தனிநபர் சிகிச்சை பெற்றோரில் 23 விழுக்காட்டினரும் முழுத் தேறுதல் கண்டிருந்தனர். எஸ்கெற்றமைனைப் பரிந்துரைக்காத அதே ‘நைஸ்’ நிறுவனம், பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் இதனையே முதலாவதாகப் பரிந்துரைக்கிறது.

ஆனால் இச்சிகிச்சை பலன்தர, நோய் நேரத்துக்கு அறியப்பட வேண்டும். இங்கேதான் புலம்பெயர் சமூகத்தின் மௌனம் தடையாக நிற்கிறது. “இது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வருத்தம்” என்ற எண்ணம் தவறானது. இங்கிலாந்தின் பிறட்போர்ட் நகரில், பெரும்பாலும் பாகிஸ்தானியப் பின்னணி கொண்ட ஆசியப் பள்ளி மாணவியரிடம் நடத்தி 1991 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்களில் 3.4 விழுக்காட்டினரிடமும், வெள்ளையின மாணவியரில் 0.6 விழுக்காட்டினரிடமும் புலிமியா காணப்பட்டது. குறிகளும் வேறுபடலாம். ஹொங்கொங்கில் ஆராயப்பட்ட 70 அனொரெக்சியா நோயாளிகளில் 41 பேர் உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தைச் சொல்லவே இல்லை. வயிறு நிறைந்துவிட்டது, பசியில்லை என்றே கூறினர். தமிழ் வீட்டில் அதுவே விரதம் என்றோ, பரீட்சைக் காலப் பதற்றம் என்றோ, சைவ உணவுக்கு மாறிவிட்டேன் என்றோ வெளிப்படலாம். “மெலிந்து வடிவாக இருக்கிறாய்” என்று கொண்டாட்டங்களில் உறவினர் சொல்லும் பாராட்டு, ஒரு நோயாளியின் காதில் எப்படி விழும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அனொரெக்சியா உளநோய்களில் உயிரிழப்பு மிகுந்த நோய்களுள் ஒன்று. 2011 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, அந்நோயாளிகளிடையே நிகழ்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலையாகும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

எல்லாப் படிகளையும் கடந்தும் மனச்சோர்வு நீங்காத வளர்ந்த பிள்ளைக்கு மருத்துவர் கெற்றமைனைப் பரிந்துரைத்தால், குடும்பத்தினர் அஞ்சி ஓட வேண்டியதில்லை. ஆனால் கேள்விகள் கேட்க வேண்டும். இதுவரை எத்தனை மருந்துகள், எந்த அளவில், எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டன? பேச்சு வழிச் சிகிச்சை முறையாக நடந்ததா? உடல் எடை, பொற்றாசியம், இதயத் துடிப்புப் பதிவு ஆகியன பார்க்கப்பட்டனவா? சிகிச்சை நேரம் முழுவதும் கண்காணிப்பவர் யார்? முதல் வாரத் தேறுதலின் பின் என்ன திட்டம், எப்போது நிறுத்துவது? சிறுநீர்ப்பையும் பழக்கமாகும் ஆபத்தும் எவ்வாறு கவனிக்கப்படும்? உணவுக் கோளாற்றுச் சிகிச்சைக் குழுவுடன் இம்மருத்துவர் தொடர்பில் உள்ளாரா? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் தரும் இடம் நம்பத்தக்கது. பதிலுக்குப் பதிலாகக் கட்டணப் பட்டியலை நீட்டும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

ஆங்கிலத்தில் தயங்கும் பெற்றோர், மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்கலாகாது. நோயுற்ற பிள்ளையையே தன் நோய்க்கு மொழிபெயர்ப்பாளராக்குவது எவ்வகையிலும் தகாது. பிரித்தானியாவில் ‘பீற்’, ரொறன்ரோவில் தேசிய உணவுக் கோளாறுத் தகவல் நிலையம், அவுஸ்திரேலியாவில் ‘பட்டர்பிளை’ ஆகிய அமைப்புகள் பெற்றோருக்கும் வழிகாட்டுகின்றன. உயிரை மாய்க்கும் எண்ணத்தைப் பிள்ளை வெளியிட்டால் காத்திருக்க நேரமில்லை. அவசர சிகிச்சைப் பிரிவை நாட வேண்டும். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 988 என்ற இலக்கம் இரவு பகலாகச் செயற்படுகிறது.

இளையோர் தம் துன்பத்தைச் சொல்ல முன்வரும்போது அதற்கு இடம் கொடுப்பது பெரியோரின் கடமை. “எங்கட காலத்தில் இதெல்லாம் இல்லை” என்ற ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையின் வாயைப் பல ஆண்டுகளுக்கு அடைத்துவிடும். கெற்றமைன் சிலருக்குத் திறக்கும் கதவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நெடும் பாதையின் இறுதியில் உள்ள கதவு. அப்பாதையின் முதற் கதவு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பிள்ளை தட்டை ஒதுக்கும் முதல் வாரத்திலேயே அதைக் கவனித்து, கோபப்படாமல் கேட்டு, குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோரே அதைத் திறக்கின்றனர்.